கிரீன் கார்டு கேட்கும் ஆய்வாளர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பணியில் இருப்பவர்கள் கிரீன் கார்டு பற்றி எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கட்டணமும், எந்தத் தேதி வரை மனு போட்டவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் அறிவிக்கும் விசா புல்லட்டின் தேதிகளும் அடிக்கடி மாறுபவை. இங்கே உள்ள எண்களை, மனு அனுப்பும் வாரத்தில் யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறை) தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: திருச்சியில் பிறந்தவன் நான். பிட்ஸ்பர்க்கில் பொருளறிவியலில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வாளர்). 14 கட்டுரைகள், ஏறத்தாழ 600 சைட்டேஷன்கள் (பிறர் கட்டுரைகளில் வந்த மேற்கோள்கள்). "என்ஐடபிள்யூ போடு, சுலபமாகக் கிடைக்கும்" என்கிறார்கள் நண்பர்கள். "இபி-1ஏ-வுக்காக இரண்டு வருடம் பொறு" என்கிறார் வழக்கறிஞர். எதைச் செய்வது?

என்ஐடபிள்யூவை இப்போதே போடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். என்ஐடபிள்யூ என்பது, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்ட வேண்டிய வேலைவாய்ப்புச் சான்றை நாட்டு நலனுக்காகத் தள்ளுபடி செய்யும் வழி. இபி-1ஏ அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான வழி.

மனு ஏற்கப்படுமா என்பதோடு உங்கள் கவலை முடிவதில்லை. ஏற்கப்பட்ட பிறகு எத்தனை வருடம் வரிசையில் நிற்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. என்ஐடபிள்யூ இபி-2 வகையைச் சேர்ந்தது. 2025 ஜூலை விசா புல்லட்டினில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2 தேதி 2013 ஜனவரி 1. இபி-1 தேதி 2022 பிப்ரவரி 15. ஒரே ஆள், ஒரே ஆராய்ச்சி; ஒரு வரிசை பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது, இன்னொன்று மூன்றரை வருடம்கூட இல்லை. வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்கு அடிப்படையாக 1,40,000 விசாக்கள். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீத வரம்பு. இந்தியர்களின் நீண்ட வரிசைக்கு இதுவே காரணம்.

அப்படியானால் என்ஐடபிள்யூ எதற்கு? தேதிக்காக. வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு யுஎஸ்சிஐஎஸ் கைக்குப் போன நாள்தான் உங்கள் முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் உங்கள் இடம். அந்த மனு ஏற்கப்பட்டுவிட்டால், பின்னால் இபி-1ஏ அல்லது இபி-1பி (பல்கலைக்கழகமோ நிறுவனமோ ஆய்வாளருக்காகப் போடும் மனு) கிடைக்கும்போது பழைய தேதியை அங்கே கொண்டுபோகலாம். இன்று என்ஐடபிள்யூ போட்டு, இரண்டு வருடம் கழித்து இபி-1ஏ வாங்கினால், இபி-1 வரிசையில் உங்களுக்கு இன்றைய தேதிதான். மோசடி, பொய்த் தகவல், அல்லது அந்த மனுவை ஏற்றதில் துறையே செய்த பெரும் பிழை என்று சொல்லி அதை ரத்து செய்தால் மட்டுமே தேதி போகும். இன்னொரு பயனும் உண்டு: எச்-1பி வேலை விசாவின் ஆறு வருடம் முடிந்த பிறகும், ஏற்கப்பட்ட ஐ-140 கையில் இருந்து தேதி வராமல் இருந்தால், மும்மூன்று வருடமாக நீட்டிக்கலாம். துணைவர் எச்-4 என்ற குடும்ப விசாவில் இருந்தால் வேலை அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம்.

என்ஐடபிள்யூவின் அளவுகோல் 2016 டிசம்பர் 27-இல் யுஎஸ்சிஐஎஸ் மேல்முறையீட்டு அலுவலகம் தந்த தனசார் தீர்ப்பு. அதில் மூன்று கேள்விகள். எடுத்துக்கொண்ட பணிக்குத் தகுதியும் தேசிய முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுக்கும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா? வேலைவாய்ப்புச் சான்று என்ற படியைத் தள்ளுபடி செய்வது நாட்டுக்கு நல்லதா? பலர் சறுக்குவது முதல் கேள்வியில். "பொருளறிவியலில் ஆராய்ச்சி செய்வேன்" என்று எழுதினால் அது ஒரு துறையின் பெயர், பணித்திட்டம் ஆகாது. "சோடியம்-அயனி பேட்டரிகளுக்குக் கோபால்ட் இல்லாத கேத்தோடு உருவாக்குவது" என்ற அளவுக்குக் குறுக்குங்கள். தனசார் வழக்கின் ஆய்வாளர் ஹைப்பர்சானிக் உந்துவிசையில் வேலை செய்தவர்; அந்த ஆராய்ச்சிக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டென்று ஏற்றவர்கள், அவருடைய வகுப்பறைக் கற்பித்தலுக்கு அப்படி ஏற்கவில்லை. ஆகவே ஆசிரியப் பணியை மையமாக வைத்து என்ஐடபிள்யூ எழுதாதீர்கள்.

கேள்வி: இபி-1ஏ மனுவுக்கு ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம்) வந்திருக்கிறது. கட்டுரைகளையும் பீர் ரிவ்யூவையும் ஏற்றுக்கொண்டார்கள். "மூலப் பங்களிப்பு பெரும் முக்கியத்துவம் வாய்ந்தது என்று நிரூபிக்கவில்லை" என்கிறார்கள். 900 சைட்டேஷன் போதாதா?

இபி-1ஏ-வின் பத்து அளவுகோல்களில் மூன்றைக் காட்ட வேண்டும். ஆய்வாளர்களுக்கு இயல்பாகக் கைகொடுப்பவை மூன்று: கட்டுரைகள், பிறர் ஆய்வை மதிப்பிடுதல், மூலப் பங்களிப்பு. முதல் இரண்டும் எளிதாகத் தாண்டிவிடும். மூன்றாவதில்தான் ஆர்எஃப்இ வரும். இரண்டோடு நின்றுவிட்டால் மனு தோற்கும். 2010-இல் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த கசாரியன் வழக்கில் நடந்தது அதுதான். கட்டுரைக்குத் துறையில் கிடைத்த வரவேற்பை அந்த அளவுகோலுக்குள்ளேயே கேட்டது தவறு என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அந்த இயற்பியலாளருக்கு இரண்டு அளவுகோல்களே நிறைவேறியதால் மறுப்பு நிலைத்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் இன்றைய இரண்டு கட்டப் பரிசீலனை வந்தது: முதலில் மூன்று அளவுகோல், பிறகு எல்லா ஆதாரங்களையும் சேர்த்துப் பார்த்து, துறையின் உச்சியில் உள்ள மிகச் சிலரில் ஒருவரா என்ற முடிவு.

900 என்ற மொத்த எண் அதிகாரிக்கு ஒன்றும் சொல்லாது. அவர் விஞ்ஞானி அல்ல. உங்கள் துறையில் 900 பெரிதா சிறிதா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. உங்கள் பதில் இப்படி அமையட்டும்.

எல்லாக் கட்டுரைகளையும் அடுக்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று பங்களிப்புகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும், முன்பு என்ன சிக்கல் இருந்தது, நீங்கள் என்ன கண்டீர்கள், யார் அதைக் கையில் எடுத்து எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கான விடைதான் வழக்கை வெல்லும். உங்களை மேற்கோள் காட்டிய கட்டுரைகளைத் திறந்து படியுங்கள். பெரும்பாலானவை முன்னுரையில் ஐந்தாறு பேரோடு உங்களையும் ஒரு வரியில் சொல்லியிருக்கும், அவற்றை ஒதுக்குங்கள். செய்முறைப் பகுதியில் உங்கள் முறையைப் பின்பற்றியவை, தங்கள் முடிவை உங்கள் முடிவோடு ஒப்பிட்டவை, உங்கள் மாதிரியை அடித்தளமாக வைத்து மேலே கட்டியவை என்று எட்டுப் பத்து கிடைத்தால் அதுவே பொன். ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் உங்கள் பெயர் வரும் பக்கத்தையும் மட்டும் எடுத்து, அந்த வரிகளுக்கு மஞ்சள் பூசுங்கள். முழுக் கட்டுரையை வைத்தால் யாரும் தேடிப் படிக்க மாட்டார்கள். உங்கள் குழுவினரே எழுதியவற்றைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். நீக்காமல் அனுப்பி அதிகாரி கண்டுபிடித்தால் மற்ற எண்களின் மேலும் சந்தேகம் விழும்.

அடுத்து ஒப்பீடு. கிளாரிவேட்டின் எசென்ஷியல் சயன்ஸ் இண்டிகேட்டர்ஸ் அட்டவணை, துறைவாரியாகவும் வெளியான ஆண்டுவாரியாகவும், ஒரு கட்டுரை முதல் 1 சதவீதத்தில், முதல் 10 சதவீதத்தில் வர எத்தனை சைட்டேஷன் வேண்டும் என்று காட்டும். கட்டுரை எந்த ஆண்டில் வந்ததோ அந்த ஆண்டு வரிசையைப் பாருங்கள். துறையையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள்: கணிதத்தில் மிக உயர்வான ஒரு எண், மூலக்கூறு உயிரியலில் சாதாரணமாக இருக்கும். நீங்கள் எந்தத் துறை என்று மனுவின் முதல் பக்கத்தில் சொன்னீர்களோ அதோடு இது ஒத்துப்போக வேண்டும். இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் அந்த இதழைப் பற்றியது. உங்கள் கட்டுரையைப் பற்றிப் பேச அது போதாது.

காப்புரிமை கிடைத்தது புதுமைக்குச் சான்று. ஒரு நிறுவனம் உரிமம் பெற்றுப் பயன்படுத்தினால்தான் அது முக்கியத்துவத்துக்குச் சான்று. மென்பொருளோ தரவுத்தொகுப்போ வெளியிட்டிருந்தால், பதிவிறக்க எண்ணைவிட, அதைத் தங்கள் ஆய்வில் பயன்படுத்தியதாக எழுதிய வெளிக் குழுக்களின் கட்டுரைகள் வலுவானவை.

பதில் அனுப்ப அதிகபட்சம் 84 நாள். தபாலில் வந்தால் மேலும் 3 நாள். கடிதத்தில் அச்சிட்ட தேதியையே நம்புங்கள். ஒரே ஒரு முறைதான் அனுப்பலாம், தவணை கிடையாது. மனு போட்ட நாளிலேயே தகுதி இருந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அதற்குப் பின் வந்த சைட்டேஷன்கள் உதவாது; ஆனால் அதற்கு முன் நடந்த பங்களிப்பை விளக்கி இப்போது எழுதப்படும் கடிதம் செல்லும்.

கேள்வி: பரிந்துரைக் கடிதம் எத்தனை வேண்டும்? நோபல் பரிசு பெற்றவர் ஒருவரிடம் கேட்கலாமா?

இத்தனை என்று விதி இல்லை. ஐந்து முதல் ஏழு போதும். அதில் பாதிக்கு மேல், உங்களோடு கட்டுரை எழுதாத, உங்கள் கைடாக இருந்திராத, அதே நிறுவனத்தில் இல்லாத வெளியாட்களிடமிருந்து வரட்டும். நோபல் அறிஞருக்கு உங்கள் வேலை உண்மையிலேயே தெரியுமென்றால் கேளுங்கள். தெரியாதென்றால், உங்கள் முறையை நேரடியாகப் பயன்படுத்திய உதவிப் பேராசிரியரின் கடிதம் அதைவிட மேல். "2021-இல் இந்த முறையைப் படித்தோம், எங்கள் கூடத்தில் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தினோம், பிழை இவ்வளவு குறைந்தது" என்று சொல்லும் ஒரு பத்தி, இரண்டு பக்கப் புகழ்ச்சியைவிடப் பலமடங்கு பெறும்.

ஆறு கடிதத்திலும் ஒரே வாக்கியம் வந்தால் அதிகாரி அதை அப்படியே எடுத்துக்காட்டி எழுதுவார். வரைவு கேட்கிறார்கள் என்றால், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பங்களிப்பைப் பற்றிய குறிப்புகளை மட்டும் அனுப்பி, மொழியை அவர்களிடமே விடுங்கள். லெட்டர்ஹெட், கையெழுத்து, எழுதியவரின் சுருக்கமான சிவி மூன்றும் சேரட்டும். கடிதம் சொல்லும் ஒவ்வொரு செய்திக்கும் மனுவில் ஓர் ஆவணம் இருக்க வேண்டும். ஆவணம் இல்லாத கடிதத்தை வெறும் கருத்து என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கேள்வி: 'சர்வதேச விருது' தருவதாக ஒரு நிறுவனம் 500 டாலர் கேட்கிறது. அவர்களே இதழ்களில் ரிவ்யூ வாய்ப்பும் சங்க உறுப்பினர் பதவியும் வாங்கித் தருவார்களாம். இபி-1ஏ-வுக்கு உதவுமா?

தயவுசெய்து வேண்டாம். பணம் வீணாவதோடு இது நிற்காது. பல வருட உழைப்பில் நீங்கள் சேர்த்த நேர்மையான ஆதாரங்களையும் இந்த ஒரு காகிதம் கெடுத்துவிடும். தெரிந்தே முக்கியமான ஒன்றைத் திரித்துக் காட்டினார் என்று பதிவானால், குடிவரவுச் சட்டப்படி நிரந்தரமாக அமெரிக்காவில் அனுமதி மறுக்கப்படலாம். ஏற்கப்பட்ட மனுவையும் பின்னர் ரத்து செய்யலாம். அப்போது சேர்த்து வைத்த முன்னுரிமைத் தேதியும் போய்விடும்.

உறுப்பினர் பதவிக்கான அளவுகோல், சிறந்த சாதனையை நிபுணர்கள் எடைபோட்டு அனுமதிக்கும் சங்கங்களுக்கு உரியது. சந்தா கட்டினால் சேரலாம் என்றால் அது கணக்கில் வராது. ரிவ்யூ வேண்டுமென்றால் நேர்வழி இருக்கிறது: உங்கள் துறையின் நல்ல இதழ் ஆசிரியர்களுக்கு, எந்தத் தலைப்புகளில் ரிவ்யூ செய்ய முடியும் என்று சிவியோடு எழுதுங்கள். உங்கள் பேராசிரியருக்கு வந்த ரிவ்யூவை நீங்கள் செய்து கொடுத்தால், இதழின் பதிவேட்டில் அவர் பெயர்தான் இருக்கும். உங்கள் பெயரில் மாற்றி அனுப்பச் சொல்லி ஆசிரியருக்கு அவரையே எழுதச் சொல்லுங்கள். அழைப்பு மின்னஞ்சல் சான்றாகாது. ரிவ்யூவை முடித்ததற்கான நன்றி மின்னஞ்சல் வேண்டும்.

கேள்வி: இபி-1பி-க்குப் பல்கலைக்கழகம் மனு போடுமா? போஸ்ட்டாக்குக்குக் கிடையாது என்கிறார்கள்.

ஒரு வருட ஒப்பந்த போஸ்ட்டாக்குக்குப் பெரும்பாலும் போட மாட்டார்கள். டென்யூர் (நிரந்தரப் பேராசிரியப் பதவி), அதற்கு இட்டுச்செல்லும் டென்யூர் டிராக், அல்லது காலவரையறை இல்லாத ஆராய்ச்சிப் பதவி வேண்டும். 'ரிசர்ச் சயன்டிஸ்ட்' போன்ற பதவிக்கு மாறினால் வழி திறக்கும். மானியப் பணத்தில் ஓடும் பதவியாக, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தமாக இருந்தாலும், தொடர்ந்து புதுப்பித்து வந்த வரலாறும் மேலும் நிதி தேடும் எண்ணமும் காட்டினால் ஏற்க இடமுண்டு. பணி வாய்ப்புக் கடிதம் உங்கள் பெயருக்கு எழுதியதாக இருக்க வேண்டும். யுஎஸ்சிஐஎஸ்-க்கு முகவரியிட்ட கடிதம் பணி வாய்ப்பு ஆகாது. இந்தச் சின்ன விஷயத்துக்காகவே ஆர்எஃப்இ வருகிறது.

வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். ஆறில் இரண்டு அளவுகோல் போதும். மூலப் பங்களிப்புக்கு 'பெரும் முக்கியத்துவம்' என்ற சொற்றொடர் இந்த விதியில் இல்லை. மூன்று வருட ஆராய்ச்சி அனுபவம் வேண்டும், பிஎச்.டி. கால ஆராய்ச்சி துறையில் சிறந்ததாக அங்கீகரிக்கப்பட்டு, பட்டமும் பெற்றிருந்தால் அந்த வருடங்களும் சேரும். தனியார் நிறுவனமானால் குறைந்தது மூன்று முழுநேர ஆய்வாளர்கள் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். கணவர் பிறந்தது கோவை. அவர்தான் ஆய்வாளர். எந்த நாட்டு வரிசை?

உங்கள் நாட்டு வரிசை. குடியுரிமை எதுவானாலும், பிறந்த நாடே கணக்கு. கணவனும் மனைவியும் சேர்ந்து குடியேறும்போது ஒருவர் மற்றவரின் பிறந்த நாட்டைப் பயன்படுத்தலாம். 2025 ஜூலையில் இலங்கைக்கு இபி-1-இல் வரிசையே இல்லை. இபி-2 தேதி 2023 அக்டோபர் 15. இந்தியாவின் 2013-ஐ எண்ணிப் பாருங்கள், எத்தனை வருடம் மிச்சம்! கடைசிக் கட்ட விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்தே போட வேண்டும். உங்கள் பிறப்புச் சான்றும் பதிவுத் திருமணச் சான்றும் அதோடு இருக்கட்டும். நாடு மாற்றிக் கேட்பதை மேல்கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லுங்கள். சிங்கப்பூரிலோ குவைத்திலோ பிறந்த தமிழருக்கும் இதே சலுகை. பிள்ளை பிறந்த நாட்டைப் பெற்றோர் பயன்படுத்த முடியாது.

கேள்வி: பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. கட்டுரைகளில் இனிஷியல் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றில் வேறு மாதிரி. சிக்கலாகுமா?

முன்கூட்டியே விளக்கினால் ஆகாது. படிவத்தில் பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். அப்பாவின் பெயரே இனிஷியலாகிறது என்பது அதிகாரிக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். எல்லாப் பெயர் வடிவங்களையும் வரிசைப்படுத்தி, எல்லாம் ஒருவரே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் ஒன்று வைத்துவிடுங்கள். கட்டுரைகளை ஓஆர்சிஐடி என்ற ஆய்வாளர் அடையாள எண்ணோடு இணைத்து அந்தப் பக்கத்தையும் சேருங்கள். தமிழில் உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அது முழுமையானது, சரியானது, தனக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

கேள்வி: மகனுக்கு 19 வயது. பிரீமியம் (விரைவுப் பரிசீலனைக் கட்டணம்) கட்டி ஐ-140-ஐச் சீக்கிரம் முடிப்பது நல்லதுதானே?

எப்போதும் நல்லதல்ல. 21 வயது நிறைந்துவிட்டால் பிள்ளை பெற்றோரோடு கிரீன் கார்டு பெற முடியாது. அந்த வயதைக் கணக்கிடும்போது, விசா கிடைக்கும் நிலை வந்த நாளில் பிள்ளைக்கு உள்ள வயதிலிருந்து, ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழிப்பார்கள். தேதி ஏற்கெனவே வந்திருந்தால் வேகத்தால் இந்தக் கணக்கு மாறாது. தேதிக்குக் காத்திருக்க வேண்டிய நிலையில், பிரீமியம் கட்டி 15 வேலை நாளில் (என்ஐடபிள்யூ என்றால் 45) முடித்தால் அந்தச் சில வாரங்கள்தான் கழியும். சாதாரண வழியில் பத்து மாதம் கிடந்தால் பத்து மாதம் கழியும். தேதி நெருங்கியதும் பிரீமியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 2025 ஆகஸ்ட் 15 முதல், விசா புல்லட்டினில் கிரீன் கார்டு வழங்கும் தேதிகளைக் காட்டும் 'ஃபைனல் ஆக்‌ஷன்' அட்டவணையின் தேதியை வைத்தே யுஎஸ்சிஐஎஸ் இந்த வயதைக் கணக்கிடுகிறது. நிலை வந்த ஒரு வருடத்துக்குள் மகனுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

கேள்வி: ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வந்தேன். இரண்டு வருடம் இந்தியா திரும்ப வேண்டும் என்று விசாவில் அச்சிட்டிருக்கிறது.

அந்த அச்சு முடிவான தீர்ப்பு அல்ல. சொந்த நாட்டுக்குத் தேவையான திறன் உள்ளவர்களை இரண்டு வருடம் திரும்பிப் போகச் சொல்லும் திறன் பட்டியலில் 2024 டிசம்பர் 9 முதல் இந்தியா இல்லை. அந்தப் பட்டியல் ஒன்றே காரணமாக இருந்தவர்களுக்கு, முன்பே வந்திருந்தாலும், நிபந்தனை நீங்கிவிட்டது. ஃபுல்பிரைட் போன்ற அரசு நிதியில் வந்தவர்களுக்கும் மருத்துவப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் அது நீடிக்கிறது. சந்தேகம் இருந்தால் வெளியுறவுத் துறையிடம் எழுதிக் கருத்துக் கேளுங்கள். நிபந்தனை இருந்தாலும் ஐ-140 போடலாம்; கிரீன் கார்டோ எச்-1பியோ வாங்குவதற்குத்தான் விலக்கு வேண்டும். விலக்குக்கான பரிந்துரை வந்த பிறகு ஜே-1-ஐ நீட்டிக்க மாட்டார்கள். எனவே ஒப்பந்தத்தை முதலில் நீட்டித்துக்கொண்டு பிறகு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: மனுவைப் பிரித்துப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

கட்டணம் அல்லது கையெழுத்து. முதலாளி இல்லாமல் நீங்களே போடும் சுயமனுவுக்கு ஐ-140 கட்டணம் 715 டாலர், அதோடு அசைலம் புரோகிராம் கட்டணம் 300. இரண்டையும் தனித்தனியே செலுத்த வேண்டும். பிரீமியம் 2026 மார்ச் 1 முதல் 2,965 டாலர், அதுவும் தனி. 2025 அக்டோபர் இறுதியிலிருந்து காகிதக் காசோலை செல்லாது. ஜி-1450 படிவத்தில் கார்டு, அல்லது ஜி-1650-இல் வங்கிக் கணக்கு. கார்டின் வரம்பு போதுமா என்று வங்கியிடம் முன்பே கேளுங்கள். கையெழுத்து மையில் இட்டதாக இருக்க வேண்டும். அதன் ஸ்கேன் நகல் ஏற்கப்படும், தட்டச்சுப் பெயர் ஏற்கப்படாது. பிரீமியம் சேர்த்தால் அனுப்பும் முகவரி மாறும். என்ஐடபிள்யூவுக்கு இடிஏ-9089 என்ற வேலைவாய்ப்புச் சான்றுப் படிவத்தின் அப்பெண்டிக்ஸ் ஏ-வும் இறுதி முடிவுப் படிவமும் வைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: சென்னையில் பேராசிரியர் நான். அமெரிக்க வேலை இல்லாமல் இங்கிருந்தே போடலாமா?

இபி-1ஏ, என்ஐடபிள்யூ இரண்டையும் போடலாம். அங்கே போய் அதே துறையில் தொடர்வீர்கள் என்று காட்ட, எந்த ஆய்வுக்கூடங்களோடு பேசியிருக்கிறீர்கள், என்ன திட்டம் என்ற விளக்கமும் மின்னஞ்சல்களும் சேருங்கள். மனு ஏற்கப்பட்டுத் தேதி வந்ததும் நேஷனல் விசா சென்டர் வழியாக டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவம், பிறகு நேர்காணல். இந்தியாவில் அது பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகத்தில். காவல்துறை நன்னடத்தைச் சான்றைப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்குங்கள். பிறந்தபோதே பிறப்பைப் பதியாதவர்கள், பதிவு இல்லை என்ற சான்றையும் பள்ளிச் சான்றையும் இப்போதே கேட்டு வையுங்கள்; இதற்கு நாட்கள் பிடிக்கும்.